குருஷ்சேவின் கல்லறையும் நம் கணக்கும்

மாஸ்கோவின் நோவோதெவிச்சி இடுகாட்டில் இருக்கும் குருஷ்சேவின் கல்லறையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் எழுத்தாளர்கள் குரலில் ஒரு நெகிழ்ச்சி ஏறிவிடுகிறது. கதை தெரிந்ததுதான். 1962 டிசம்பர் 1 அன்று மானேஜ் கண்காட்சியில் நவீன ஓவியர்களையும் சிற்பிகளையும் வாய்க்கு வந்தபடி ஏசினார் குருஷ்சேவ். எர்ன்ஸ்ட் நெய்ஸ்வெஸ்த்னி என்ற சிற்பி நேருக்கு நேர் நின்று வாதாடினார். பதவி பறிபோய், 1971 செப்டம்பரில் குருஷ்சேவ் இறந்தபோது கிரெம்ளின் சுவரருகே அவருக்கு இடமில்லை. 'பிராவ்தா'வில் சில வரிகள், அவ்வளவே. கல்லறைச் சின்னத்துக்காகக் குடும்பத்தார் தேடிப் போனது அதே நெய்ஸ்வெஸ்த்னியை. அவர் வெள்ளைக் கல்லையும் கறுப்புக் கல்லையும் ஒன்றோடொன்று பிணைத்து, நடுவே வெண்கலத் தலையை வைத்தார்.

கறுப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு என்று நாமும் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறோம். நானும் பல வருஷங்கள் அப்படித் தலையாட்டியவன்தான். இப்போது அந்தத் தலையாட்டலின் மேல்தான் எனக்குக் கோபம்.

நம் வெள்ளைப் பக்கத்தில் என்ன இருக்கிறது? 1962 நவம்பரில், குருஷ்சேவின் சம்மதத்தோடு, ஸோல்ஷெனிட்ஸினின் முகாம் கதை 'நோவி மிர்' பத்திரிகையில் வெளிவந்தது. கறுப்புப் பக்கத்தில்? 1958இல் பாஸ்டர்நாக்கை வேட்டையாடியது, பிறகு மானேஜ். அதாவது ஓர் எழுத்தாளன், ஒரு கவி, ஒரு சிற்பி. நம் ஜாதிக்கு நடந்த நன்மை தீமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சரித்திரத்தின் தீர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

அதே 1962இன் ஜூன் மாதத்துக்கு வாருங்கள். இறைச்சி, வெண்ணெய் விலைகள் உயர்த்தப்பட்டன. நோவோசெர்காஸ்க் நகரின் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் கூலியும் குறைந்திருந்தது. தொழிலாளர்கள் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். ஜூன் 2 அன்று துப்பாக்கிகள் பேசின. 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிறகு 7 பேருக்கு மரண தண்டனை. பிணங்களை வெவ்வேறு ஊர் இடுகாடுகளில் ரகசியமாகப் புதைத்தார்கள். சொந்தக்காரர்களுக்குப் புதைத்த இடம்கூடத் தெரியவில்லை. எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டதே 1990களில்தான். நெய்ஸ்வெஸ்த்னி எதிர்த்துப் பேசினார், உயிரோடு வீடு திரும்பினார். இவர்களும் எதிர்த்துத்தான் பேசினார்கள். நம் கட்டுரைகளில் இவர்களுக்கு ஒரு வரி உண்டா?

உடனே எதிர்க்கட்சி நண்பர்கள் குதூகலிக்க வேண்டாம். குருஷ்சேவ் வெறும் துரோகி, 1956 பிப்ரவரி 25இன் ரகசிய உரை வெறும் பதவிச் சூழ்ச்சி என்கிறவர்கள், முகாம்களிலிருந்து வீடு திரும்பிய லட்சக்கணக்கானவர்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும். சூழ்ச்சியும் அதில் இருந்திருக்கலாம். கதவு திறந்தது நிஜம்.

ஆனால் அந்த உரையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதில் துக்கம் கொண்டாடப்பட்டவர்கள் பெரும்பாலும் கட்சியின் சொந்த மனிதர்கள். கூட்டுப் பண்ணையாக்கத்தில் பட்டினியால் செத்த விவசாயிகளுக்கு அதில் இடமில்லை. முப்பதுகளில் மாஸ்கோவிலும் உக்ரைனிலும் கட்சித் தலைவராக இருந்து அந்த வேட்டையில் தானும் பங்கெடுத்ததைப் பற்றி மூச்சில்லை. தன் வீட்டுப் பிணங்களை மட்டும் எண்ணிவிட்டு, மொத்தக் கணக்கும் முடிந்துவிட்டது என்றார். அந்த வருஷ நவம்பரிலேயே புடாபெஸ்டுக்குள் டாங்கிகள் போயின.

நாம் செய்வது வேறென்ன? அவர் கட்சிக்காரர்களை எண்ணினார், நாம் கலைஞர்களை எண்ணுகிறோம். கலைச் சுதந்திரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்தப் பக்கங்களே இல்லை. ஆனால் நம் சுதந்திரமே எல்லோருடைய நியாயத்துக்கும் அளவுகோல் என்று நாம் நினைக்கத் தொடங்கினால், அதுவும் ஒரு மத்தியக் கமிட்டி மனோபாவம்தான். ஆட்கள் கொஞ்சம், அதிகாரம் இல்லை, வித்தியாசம் அவ்வளவே.

முகாமிலிருந்து திரும்பியவனின் உயிரால் நோவோசெர்காஸ்கில் செத்தவனின் உயிரை ஈடுகட்ட முடியாது. இரண்டையும் முழுதாக, தனித்தனியே சொல்ல வேண்டும். கூட்டிக் கழித்து ஒரு சாம்பல் நிறத்தை எடுத்து வைப்பது விமர்சனமாகாது, சௌகரியம்.

நெய்ஸ்வெஸ்த்னி தன் கல்லைத் தன் கணக்குப்படி செதுக்கினார். அது அவர் உரிமை. நம் கணக்கை அவரிடமிருந்து கடன் வாங்க வேண்டாம்.