அஞ்சு ரூபாயில் போர்ச்சுகல்!

ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் பத்து நாள் லீவு போட்டுவிட்டு போர்ச்சுகல் போய் வந்தார். சுற்றியது பத்து நாள். அதைச் சொல்வது மூன்றாவது வாரமாக நடந்துகொண்டிருக்கிறது.

டீ டயத்தில் செல்போனை நீட்டினால் அறுநூறு போட்டோ. லிஸ்பனில் மேடு ஏறும் மஞ்சள் டிராம். சுவர் முழுக்க நீல ஓடு பதித்த வீடுகள். ஆற்றங்கரையில் பெலேம் கோபுரம். முட்டையும் பாலும் போட்டுச் செய்த ஒரு குட்டிப் பலகாரம் (இதற்கு மட்டும் நாற்பது போட்டோ). அப்புறம் நசாரே என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே அலை எட்டு மாடி உயரத்துக்கு எழும்புமாம். 2020-ல் ஜெர்மனிக்காரர் ஒருத்தர் 26 மீட்டர் உயர அலையில் பலகையை வைத்துச் சறுக்கி உலக சாதனை செய்த இடம்.

"நீங்க வெளியூர் எங்கேயும் போனதில்லையா சார்?" என்றார் கடைசியில்.

யோசித்துப் பார்த்தேன். தாம்பரத்திலிருந்து தெற்கே வண்டலூர், வடக்கே பீச் ஸ்டேஷன். என் உலகப் படம் அவ்வளவுதான். பாஸ்போர்ட் என்னவோ இருக்கிறது. அட்ரஸ் ப்ரூஃப் கேட்கும்போது மட்டும் வெளியே வரும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அப்பா மோருக்குக் கை நீட்டியபடி, "போர்ச்சுகல்தானே? ஞாயித்துக்கிழமை போயிட்டு வரலாம் வா. டிக்கெட் அஞ்சு ரூபா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ரிட்டயர் ஆனவர்களுக்கு இப்படியெல்லாம் வருமா என்று இருவருக்குமே கவலை.

"பரங்கிமலைடா! பரங்கின்னா யாரு? பறங்கியர். வெள்ளைக்காரன் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே போர்ச்சுகீஸ்காரன் வந்து உட்கார்ந்த இடம்" என்றார்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் தாம்பரம் - பீச் லோக்கலில் ஆபீஸ் போனவர். வருஷத்துக்கு 280 நாள், போக வர இரண்டு தடவை என்று கணக்குப் போட்டேன். 17,920 தடவை பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறார். "எத்தனை தடவைப்பா மலை மேல ஏறியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை கூட இல்லடா. ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம்னு இருந்தேன். எனக்கு முன்னாடி என் முட்டி ரிட்டயர் ஆயிடுச்சு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை கிளம்பிவிட்டோம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல்... அடுத்தது பரங்கிமலை. லிஸ்பனுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரமோ, எங்களுக்கு அரை மணி கூட ஆகவில்லை.

மலைக்குப் படி உண்டு. பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி தன் சொந்தக் காசில் போட்டுக் கொடுத்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-ல் பாலம் கட்டியதும் இதே புண்ணியவான்தான். ஆனால் அப்பாவின் முட்டியை உத்தேசித்து, மறுபக்கம் ரோடு வழியாக ஆட்டோவில் போனோம். உஸ்கான் மன்னிப்பாராக!

மேலே ஏறினால் காற்று! ஒரு பக்கம் மீனம்பாக்கம் ரன்வே. விமானம் எழும்புவதும் இறங்குவதும் நமக்காகவே நடத்திக் காட்டுகிற மாதிரி தெரிகிறது. இன்னொரு பக்கம் கட்டடம் கட்டடமாகச் சென்னை. அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே ஊர்ந்து போன லோக்கல் ரயிலைப் பார்த்தார். "நம்ம வண்டிடா... இவ்ளோ சின்னதா?" என்றார். முப்பத்திரண்டு வருஷம் உள்ளேயிருந்து பார்த்த ரயிலை முதல் தடவையாக வெளியேயிருந்து பார்க்கிறார்.

இயேசுவின் சீடரான புனித தோமையார் உயிர்விட்ட மலை இது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. போர்த்துகீசியர் 1523-ல் இங்கே ஆலயம் எழுப்பினார்கள். 1547-ல் தோண்டும்போது ஒரு கல் சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பழைய பாரசீக எழுத்து, பஹ்லவி. அதாவது, 'நாங்கதான் முதலில் வந்தோம்' என்று வந்த போர்த்துகீசியருக்கு முன்பே பாரசீகக் கிறிஸ்தவர்கள் இங்கே வந்து, சிலுவை செதுக்கி வைத்திருக்கிறார்கள்! ஆபீஸில் சீக்கிரம் போய் சீட் பிடித்தோம் என்று நினைக்கும்போது, நமக்கு முன்னால் ஒருத்தர் கர்சீப் போட்டு வைத்திருப்பாரே, அந்த மாதிரி.

மனூச்சி என்று ஒரு வெனிஸ்காரர். பதினேழு வயசு சுமாருக்கு 1656-ல் இந்தியா வந்து, மொகலாயர் அரண்மனை வட்டாரத்தில் வைத்தியம் பார்த்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, 1686-ல் சென்னையில் கல்யாணம் செய்துகொண்டு, பரங்கிமலையிலும் ஒரு வீடு வைத்துக்கொண்டார். மொகலாயர் கதையைத் தடித் தடிப் புத்தகமாக எழுதியவர் அவர்தான். "பாருடா, அவ்ளோ ஊர் சுத்தினவன் கடைசியில வந்து உட்கார்ந்தது இங்கே. நான் இங்கேயே இருந்துக்கிட்டு..." என்று அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்து மெட்ரோ. ஆலந்தூரில் மாறி சின்னமலையில் இறங்கினோம். அங்கே பாறைக் குகை. அதை ஒட்டி 1551-ல் போர்த்துகீசியர் கட்டிய ஆலயம். அங்கிருந்து ஆட்டோவில் லஸ்.

லஸ் கார்னரில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்காத மெட்ராஸ்காரர் உண்டா? 'லஸ்' என்றால் என்ன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யாரோ துரை பேர் என்று நினைத்திருந்தேன். போர்த்துகீஸ் மொழியில் 'லுஸ்' என்றால் வெளிச்சம்! கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு ஒரு ஒளி தெரிந்ததாம். அதைப் பின்பற்றிக் கரையேறி வந்தால், காட்டுக்குள் ஒரு இடத்தில் ஒளி மறைந்ததாம். அங்கே கட்டியதுதான் வெளிச்ச மாதா கோயில் என்பது கதை. அன்று காடு என்பதால் இன்றும் 'காட்டுக் கோயில்' என்று பெயர். கல்வெட்டில் உள்ள வருஷம் 1516. பெலேம் கோபுரம் கட்டியது 1514-க்கும் 1519-க்கும் இடையில். அதாவது நண்பர் லட்ச ரூபாய் செலவழித்துப் பார்த்த கோபுரத்தின் வயசுதான், நான் தினமும் பஸ்ஸில் நின்றபடி தாண்டுகிற கோயிலுக்கும்!

அப்புறம் சாந்தோம். போர்த்துகீசியர் 1522 வாக்கில் குடியேறி, ஊரே கட்டிக்கொண்ட இடம். இன்று நிற்கிற உயரமான வெள்ளைக் கோபுரம் பிற்பாடு 1896-ல் எழுந்தது. கோட்டைச் சுவரைத் தேடினால் கிடைக்காது. 1662-ல் கோல்கொண்டா சுல்தான், 1672-ல் பிரெஞ்சுக்காரர், 1749-ல் ஆங்கிலேயர் என்று வாடகை வீட்டுக்கு ஓனர் மாறுகிற மாதிரி கை மாறிய ஊர். வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில்தான் அழிந்தது, இப்போதுள்ளது பிறகு கட்டியது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பீரங்கியோடு வந்தவர்கள்தானே!

இதில் ஒரு கிசுகிசுவும் உண்டு. 1639-ல் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர், கப்பல் நிறுத்த வசதியில்லாத இந்தக் கரையைப் போய்க் கோட்டை கட்டத் தேர்ந்தெடுத்தாரே, ஏன்? சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாளாம். பக்கத்திலேயே ஆபீஸ் போட்டால் அடிக்கடி பார்க்கலாம் இல்லையா? ஆதாரம் கேட்காதீர்கள். நானூறு வருஷமாகப் போகிற வதந்தி. ஆனால் ட்ரான்ஸ்பர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிற இளைஞர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்!

மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். நம் நண்பர் அங்கே போய் எடுத்த போட்டோக்களை நமக்குக் காட்டுகிறார். அன்றைக்கு அங்கேயிருந்து இங்கே வந்தவர்களும் ஊருக்குப் போய் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். பர்போசா என்ற போர்த்துகீசியர் 1516 வாக்கில் எழுதியிருக்கிறார்: மயிலாப்பூர் பாழடைந்து கிடக்கிறது, தோமையார் கல்லறையில் ஒரு முஸ்லிம் பெரியவர் பிச்சையெடுத்த காசில் விளக்கேற்றி வைக்கிறார். இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

சீசர் ஃபிரெடெரிக் என்ற வெனிஸ் வியாபாரி 1560-களில் கிளம்பிக் கிழக்கே சுற்றியவர். சாந்தோம் கடற்கரையைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். இங்கே அலை அடிக்கிற அடியில் கப்பல் படகுகள் சுக்குநூறாகிவிடும்; ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பலகைகளைக் கயிற்றால் தைத்து ஒரு உயரமான படகு செய்கிறார்கள், ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு அலை மேலேயே வந்து கரையில் இறக்கிவிடுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதுகிறார். ஆணி கிடையாது. அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. பிற்காலத்தில் மசூலா படகு என்று பேர் வாங்கியது அதுதான்.

நசாரே அலையில் சறுக்குகிறவரைப் பார்க்க நாம் அங்கே போகிறோம். நம் மீனவர்கள் அலையில் ஏறி இறங்குவதைப் பார்க்க அவர்கள் இங்கே வந்து அசந்து போயிருக்கிறார்கள். நடுவில் நானூத்தி ஐம்பது வருஷ வித்தியாசம். அவ்வளவுதான்!

இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினோம். வாசலில் நின்று அப்பா, "சாவி எங்கடா?" என்றார். கொடுத்தேன். திறந்து உள்ளே போய், "ஜன்னலைத் திற, புழுக்கமா இருக்கு... அலமாரியில துவாலை இருக்கும் எடு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி, ஜன்னல், அலமாரி, துவாலை... நாலும் போர்த்துகீஸிலிருந்து வந்த வார்த்தை! மேசை, பொத்தான், மேஸ்திரி, ஏலம், பீப்பாய், ஆயா, கொய்யா, அன்னாசி, பப்பாளி எல்லாமே அந்தக் கப்பலில் வந்து இறங்கியதுதான். ரசத்தில் போடுகிற காய்ந்த மிளகாய் கூட அமெரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்து சேர்த்த சரக்கு. அவர்களும் வெறுங்கையோடு இல்லை. தமிழில் முதன்முதலாக அச்சான புத்தகம் 1554-ல் லிஸ்பனில்தான் அச்சாகியிருக்கிறது, ரோமன் எழுத்தில். நண்பர் அந்த ஊரில் நாலு நாள் இருந்திருக்கிறார். முட்டைப் பலகாரத்தை நாற்பது போட்டோ எடுத்தவருக்கு இது தெரியாது!

அவர்கள் கட்டிய கோட்டை போய்விட்டது. பீரங்கி போய்விட்டது. கொடி போய்விட்டது. மிச்சம் இருப்பது என்ன? வீட்டைத் திறக்க ஒரு சாவி, காற்று வர ஒரு ஜன்னல்.

வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கையில் காசும் காலில் வலுவும் இருக்கும்போது அவசியம் போய்விட்டு வாருங்கள். ஆனால், 'ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம்' என்று பக்கத்து ஸ்டேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். மலை காத்திருக்கும், ஐந்நூறு வருஷம் ஆனாலும் அங்கேயே இருக்கும். முட்டி இருக்காது!

திங்கட்கிழமை ஆபீஸில் நண்பர் கேட்டார், "சண்டே எங்கே சார், ஆளையே காணோம்?"

"போர்ச்சுகல் போயிருந்தேன்."

"ஆ! டிக்கெட் எவ்ளோ?"

"அஞ்சு ரூபா."

அவர் இன்னும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். ஆனால் அதை நான் கண்டுகொள்வதில்லை. என் கவலை வேறே. நேற்று ராத்திரி அப்பா முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே கூப்பிட்டார்.

"டேய், தரங்கம்பாடியில 1620-ல டேனிஷ்காரன் கட்டின கோட்டை இருக்காம். அடுத்த மாசம் டென்மார்க் போலாமா? அப்படியே சதுரங்கப்பட்டினத்துல இறங்கினா ஹாலந்து. பாண்டிச்சேரி போனா பிரான்ஸ். தீபாவளிக்குள்ள ஐரோப்பாவை முடிச்சிடலாம்டா!"

லீவ் லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை.