புட்டி நீரும் பட்டப் படிப்பும்

கனடாவின் வின்னிபெக் நகரத்தார் பருகும் நீர் சோல் ஏரியின் நீராகும். 1919ஆம் ஆண்டு முதல் 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மூடுகால்வாய் வழியே அது நகருக்கு வந்துகொண்டிருக்கிறது. அக்கால்வாய்க்காகவே ஏரிக்கரையின் முதற்குடியினர் தம் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். நகர நீர் தெளிவாயிருக்க வேண்டிப் பழுப்பேறிய ஆற்று நீர் அவர்கள் பக்கம் திருப்பிவிடப்பட்டது. அதற்கென வெட்டிய வாய்க்காலோ அவர்கள் நிலத்தைத் தீவாக்கிற்று. 1997 முதல் 2021 வரை, 24 ஆண்டுகள், அவர்கள் தம் குழாய் நீரை அப்படியே குடிக்கலாகாது என்றிருந்தது. புட்டி நீர் சுமந்தே காலம் கழிந்தது. ஊருக்குச் சாலை வந்ததே 2019இல்தான்!

அந்த வின்னிபெக்கிலேயே, மானிடோபா பல்கலைக்கழகம் முதற்குடியினர் ஊர்களின் குடிநீர், கழிவுநீர்ச் சிக்கல்களைத் தீர்க்க இளம் ஆய்வாளர்க்குப் பயிற்சியளித்தது. அறிவியலோடு உடன்படிக்கை வரலாற்றையும் உரிமைகளையும் சேர்த்துக் கற்பிப்பதே அதன் நோக்கம். “நீரைத் தூய்மையாக்கக் குளோரின் போதுமே, வரலாறு எதற்கு?” என்று முகஞ்சுளிப்போர் உண்டு. படித்தவர் வாயிலிருந்தே இக்கேள்வி வருவதுதான் வியப்பு.

ஒன்டாரியோவின் வடக்கிலுள்ள நெஸ்கன்டாகா அவர்களுக்கு விடை கூறும். அங்கே 1993இல் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. 1995இல் ‘காய்ச்சியே குடிக்க’ என்னும் எச்சரிக்கை வந்தது. அது முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நீங்கவில்லை. குளோரினா கிடைக்கவில்லை? பொறியாளரா பிறக்கவில்லை? முதற்குடியினர் ஊர்களின் நீர் நிலையங்களை நடத்தும் செலவில், கணக்கிட்ட தொகையில் நூற்றுக்கு 80 பங்கையே நடுவண் அரசு நெடுங்காலம் ஏற்றது. எஞ்சிய 20 பங்கை வருவாயற்ற சிற்றூர் எங்கிருந்து திரட்டும்? இக்கணக்கு எந்த வேதியியல் நூலில் உள்ளது?

எனினும் வரலாறு கற்ற ஆய்வாளரும் பழைய குற்றத்தையே செய்யக்கூடும். நீரைக் குப்பியில் எடுத்துச் செல்கிறார், முடிவு ஆய்விதழில் வருகிறது, பட்டம் கிடைக்கிறது. குழந்தைக்கு நீர் காய்ச்சும் தாய்க்கோ அந்த முடிவு எட்டுவதேயில்லை. தம்மைப் பற்றிய தரவு தமக்கே உடைமை, தம் ஆளுகைக்கே உரியது என்று கனடாவின் முதற்குடியினர் 1998இல் நெறி வகுத்தது இதனாலன்றோ?

ஆகவே ஆய்வுத் தலைப்பை ஊர் மன்றமே தேர்ந்தெடுக்கட்டும். பயிற்சிப் பணத்தில் ஒரு பகுதி, நிலையத்தை நாள்தோறும் இயக்கும் உள்ளூர் இளைஞர்க்குச் செல்லட்டும். முதல் வாரப் பாடம் ஆய்வுக்கூடத்தில் வேண்டா. அந்த வாய்க்கால் கரையில் நடக்கட்டும். பாடம் சொல்ல, 24 ஆண்டுகள் புட்டி நீர் சுமந்த பெண்டிர் இருக்கின்றனர்.