எண்ணெய்ச் சட்டியில் எரியும் காடு

மொரப்பூர் நியாயவிலைக் கடையில் அரிசி, பருப்போடு ஒரு லிட்டர் பாமாயிலும் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2007ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய சலுகை இது. வரிசையில் நிற்கும் ஏழைத் தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் கடமை, படித்த நமக்கு இல்லையா?

நாம் வாங்கும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து வருகிறது. சுமத்ரா, போர்னியோ தீவுகளில் பல இலட்சம் ஹெக்டேர் மழைக்காடு அழிந்து எண்ணெய்ப்பனைத் தோட்டமாயிற்று. அக்காடுகளே ஒராங்குட்டானின் வீடு. அதற்கு உலகில் வேறு வீடில்லை. 'காட்டு மனிதன்' என்பதே மலாய் மொழியில் அப்பெயரின் பொருள். தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனும். ஆகவே இழப்பு எளிதில் ஈடாவதில்லை. காடழிப்பாலும் வேட்டையாலும் 1999 முதல் 2015 வரை போர்னியோவில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை மறைந்தன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். 2017இல் தனியினமாக அறியப்பட்ட தபனூலி ஒராங்குட்டான் எண்ணூறுக்கும் குறைவே.

"குறைந்த நிலத்தில் மிகுந்த எண்ணெய் தருவது எண்ணெய்ப்பனைதானே?" என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆயினும் அந்த மிகுவிளைச்சல் காட்டைக் காக்கவில்லை. இலாபத்தைப் பெருக்கி மேலும் காட்டையே விழுங்கிற்று. நாம் கேட்பதோ புதிய காட்டை அன்று. தருமபுரி மாவட்டத்தின் மானாவாரிப் புன்செய் நம் பாட்டன் காலத்திலேயே உழப்பட்ட நிலம்; நிலக்கடலை அறிந்த மண். கடலை எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் நியாயவிலைக் கடையில் வழங்குமாறு தமிழக உழவர்கள் பலமுறை கோரியுள்ளனர். செலவு கூடும் என்பர். கூடட்டுமே! கூடும் பணம் கடல் கடந்து போகாமல் நம் உழவன் கைக்கன்றோ வரும்?

நடுவண் அரசோ 2021இல் 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கத்தை அறிவித்து, வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் முதன்மை அளித்தது. இந்தியாவில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கான ஹூலக் கிப்பனின் இருப்பிடம் அந்த வடகிழக்குக் காடுகளே. போர்னியோவின் பிழையை நம் மண்ணில் மீண்டும் எழுத வேண்டுமா?

ஏழையின் அழுகுரலையும் பூமியின் அழுகுரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் உணர்த்தினார். ஏழையின் சட்டியிலிருந்து எண்ணெயைப் பறிப்பது நீதியன்று. வேறு எண்ணெய் வாங்க இயன்ற நாமே தொடங்க வேண்டும். திருவிழா விருந்துக்கு எந்த எண்ணெய் வாங்கப்படுகிறது என்று அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்போமா?