மேல்பூச்சுக்கு அடியில்

சுரண்டைப் பக்கத்திலிருந்து சாரலுக்குக் குற்றாலம் போகிற நம்மில் பலர், அருவியில் குளித்த கையோடு திரும்பிவிடுகிறோம். அங்குள்ள சித்திர சபைக்குள் நுழைவதில்லை. சிவன் ஆடும் ஐம்பெரும் சபைகளில் ஆடல்வல்லான் ஓவியமாகவே வழிபடப்படுவது இங்கு மட்டும்தான். சுவரே மூர்த்தி. அந்தச் சுவரைக் காப்பது எப்படி என்பதுதான் என் கவலை.

மங்கிய ஓவியத்தின் மேல் புது வண்ணம் பூசுவது நம் கோயில்களின் நெடுநாள் வழக்கம். பக்தியால் செய்வதுதான். ஆனால் அடியில் போனது யார்?

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சு உரிந்த இடத்தில் வேறொரு நிறத்தைக் கண்டார். சோழர் ஓவியம்! வெள்ளை யானையில் சுந்தரர், குதிரையில் சேரமான் பெருமாள், முப்புரம் எரிக்கும் சிவன் எல்லாம் பல நூற்றாண்டுக் காலம் மறைந்தே இருந்தார்கள். பின்னாளில் தொல்லியல் துறை, நாயக்கர் ஓவியத்தையும் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே பொருத்தியது. இத்தாலியின் பிளாரன்ஸிலும் இதே கதை உண்டு. ஓவியர் மசாச்சோவின் ‘திரித்துவம்’ சுவரோவியத்தை 1570-வாக்கில் வசாரி என்ற இன்னொரு ஓவியர் ஒரு பலிபீடத்தால் மறைத்தார். அது வெளிப்பட 19-ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

வெளிப்பட்ட உருவத்துக்கு உடனே பெயர் சூட்டிவிடுகிறோம். தஞ்சையில் தாடி வைத்த முதியவரையும் அருகில் நிற்பவரையும் கருவூர்த்தேவர், ராஜராஜன் என்கிறோம். ஏற்காத அறிஞர்களும் உண்டு. சித்தன்னவாசல் தூணில் உள்ள அரசனை முதலில் பல்லவன் மகேந்திரவர்மன் என்றார்கள். அங்கே இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியரின் திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு, அந்த ஓவியங்களை 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்துக்கு நகர்த்தியது. பொருள் மாறலாம், மாறட்டும். சுவர் இருந்தால்தானே அடுத்த தலைமுறை நம்மைத் திருத்தும்?

நமக்கு அருகிலேயே, சேர்ந்தமரம் பக்கத்துத் திருமலாபுரம் குடைவரையில் பாண்டியர் கால ஓவியம் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. ஆடும் பூதகணங்கள், தாமரைகள். அஜந்தாவை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது என்பது வருத்தம் தருகிறது.

திருப்பணிக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: தூரிகையை எடுக்குமுன் தொல்லியல் துறையினரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டுங்கள், படம் எடுத்து வையுங்கள். பள்ளி ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவுக்குத் திருமலாபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சுவரில் கை வைக்காமல் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.