நாய்க்கு வீசும் ஈரல், நமக்கே வரும் வினை!

ஞாயிறு காலையில் சென்னைக் கறிக்கடைகள் பக்கம் போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் ஒரு வரிசை. தெரு நாய்கள் இன்னொரு வரிசை! நீர்க்கட்டி விழுந்த ஈரலைக் கடைக்காரர் அறுத்து வீசுகிறார். கேட்டால், "வாயில்லா ஜீவன், தின்னுட்டுப் போகட்டும்" என்கிறார்.

இது தர்மம் இல்லை சார், நோய்க்கு விதை!

அந்தக் கட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் நாடாப்புழுவின் இளம் புழுக்கள். நாயின் குடலில் அவை முழுப் புழுவாகின்றன. ஒரு புழு அரை சென்டிமீட்டர்தான். நாய் துள்ளி விளையாடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் மலத்தில் முட்டை வரும். முட்டை புல்லில் பட்டால் ஆடு மாட்டுக்கு. குழந்தை கையிலோ, கழுவாத கீரையிலோ பட்டால் மனிதனுக்கு! ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். பலருக்கு முடிவு ஆபரேஷன்தான்.

கறி தின்றால் வருமா?

வராது. ஆட்டிலிருந்து மனிதனுக்கு நேராக வருவதில்லை. நடுவில் நாய் வேண்டும். அந்த நாய்க்குப் புழுவை ஊட்டுவது நாம்தான்!

மருந்து உண்டா?

நாய்க்கு உண்டு. பிராசிகுவான்டெல் மாத்திரை. கிலோவுக்கு 5 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு 50 மில்லிகிராம். புழு செத்துவிடும். முட்டை சாகாது! எனவே இரண்டு, மூன்று நாள் கட்டிப்போட்டு, மலத்தை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். ஆண்டுக்கு 4 முறையாவது கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வால் அடியில் அரிசி போல ஒட்டுவது வேறு நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியால் வருவது. அதற்கும் இதே மாத்திரைதான். தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும்.

வீட்டு நாயை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். தெரு நாயை யார் கூட்டிப் போவது? ஒரு தரம் பிடித்து மாத்திரை கொடுத்தாலும், மறுநாள் அதே கடை வாசலில் அதே ஈரல்!

ஆக, மாத்திரை பாதி. வாசலைச் சுத்தமாக்குவது மீதி. கழிவுக்கு மூடி போட்ட டிரம் வைக்காத கடைக்கு லைசென்ஸ் எதற்கு? ஆட்டுத்தொட்டிக்குப் போகாமல் தெருவோரம் அறுக்கும் ஆட்டை எந்த டாக்டர் பார்க்கிறார்? மாநகராட்சி பதில் சொல்லட்டும்.

கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை: கட்டி விழுந்த ஈரலைப் புதையுங்கள். நல்ல ஈரலானாலும் அரை மணி நேரம் வேகவைத்துப் போடுங்கள். ஜீவகாருண்யமும் கெடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பிழைக்கும்!