வேள்பாரிக்கு யார் கைதட்டுவது?

பிழைவரம்பு குறிக்காத அளவீட்டை ஏற்க மறுக்கும் அணுசக்தி நகர் ஆய்வாளர்கள், ‘வேள்பாரி’ படம் என்றதும் கிடைத்த சுவரொட்டியையெல்லாம் நம்பிவிடுகிறார்கள். சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய அந்நாவலின் உரிமை தம்மிடம் உள்ளதென இயக்குநர் ஷங்கர் 2024இல் தெரிவித்தார். பாரியாக நடிப்பவர் யார் என்பதே இங்கு ஓயாத வாதம்.

யாரோ நடிக்கட்டும். பாரியின் பறம்பை முற்றுகையிட்டவர்கள் சேர, சோழ, பாண்டியர் அல்லவா? 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வ’னின் புலிக்கொடிக்கு ஆர்ப்பரித்தவர்கள் நாம். அதே கொடி இம்முறை ஒரு மலைக்குடியின் காட்டைச் சூழ்ந்து நிற்கும். மூவேந்தரைப் பகைவராகக் காண நம் பெருமிதம் ஒப்புமா? ஒப்பாது என்றஞ்சி, மூவரில் ஒருவரையேனும் திரைக்கதை நல்லவராக்கிவிடும் என்பது என் ஊகம். (எல்லோரும் ஊகிக்கையில் எனக்கு மட்டும் தடையா?) அவ்வாறு செய்தால் அது வேள்பாரியன்று, வேறுடையில் வரும் இன்னொரு சோழப் படம்.

பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய பாடல் புறநானூற்றில் 112ஆவது, ஐந்தே அடி. அதற்குப் படத்தில் எத்தனை நிமிடம் என்று கேட்பவர் ஒருவரையும், தமிழ் பயின்றவர்களுள்கூட, இதுவரை நான் காணவில்லை.