ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு ஜனாஸா: கொழும்பின் தொடர்மாடித் திட்டங்களில் நாம் கேட்கத் தவறியவை

கடந்த வருடம் நண்பர் ஒருவரின் உம்மா மௌத்தான செய்தி கேட்டு, கொழும்பு வடக்கிலுள்ள ஒரு தொடர்மாடிக்குப் போயிருந்தேன். வீடு ஒன்பதாவது மாடியில். குளிப்பாட்டுவதற்கு வீட்டுக் குளியலறையில் இடம் போதாது என்பதால் மையித்தைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோவதாக முடிவு செய்திருந்தார்கள். சந்தூக் வந்தது. ஆனால் லிஃப்டுக்குள் அது நுழையவில்லை. நிறுத்திப் பிடித்தால் நுழையும். உம்மாவை வைத்துக்கொண்டு யார் நிறுத்திப் பிடிப்பது? எட்டுப் பேர் சேர்ந்து படிக்கட்டு வழியாக இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் "நானா, கொஞ்சம் உயர்த்துங்க", "மெல்ல, மெல்ல" என்ற குரல்கள்தான். ஐந்தாவது மாடியில் சற்று நின்று, பிடித்தவர்கள் மாறிக்கொண்டோம். கீழே வந்தபோது அங்கே நிற்க இடமில்லை. நிலமட்டம் முழுவதும் முச்சக்கரவண்டிகளும் தண்ணீர்ப் பம்பி அறையும். வந்தவர்கள் வீதியோரத்தில் வெயிலில் நின்றார்கள்.

அந்தக் கட்டடத்தில் சிங்களவர்களும் தமிழர்களும் வாழ்கிறார்கள். பிரேதப் பெட்டியை இறக்கும்போது அவர்களுக்கும் இதே படிக்கட்டுதான். ஆகவே இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்த அநீதி என்று சொல்ல நான் வரவில்லை. ஏழைகளுக்கு வீடு கட்டும்போது அவர்களுடைய வாழ்க்கையில் என்னென்ன நடக்கும் என்பதை வரைபடம் கீறியவர்கள் யோசிக்கவில்லை. அதை அவர்களுக்கு யாரும் போய்ச் சொல்லவுமில்லை. இந்த இரண்டாவது குறையில் எமது பங்கு பெரியது.

கொழும்பு மாநகரில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கிட்டது. 1,499 குடியிருப்புகள், ஏறத்தாழ 900 ஏக்கர் நிலம். மாநகரின் மொத்த நிலத்தில் இது பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் மக்கள்தொகையில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச்சுக்குச் சற்று அதிகம் வருகிறது. இந்த மக்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றிவிட்டு, விடுபடும் நிலத்தை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் வீடு கட்டுவதே திட்டத்தின் அடிப்படை. வார்த்தையில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலத்தின் பெறுமதி கோடிகளில் இருப்பதால் அந்தப் பெறுமதியில் தரமான வீடு கட்ட முடியும் என்பதே அதன் வாக்குறுதி.

நடைமுறை வேறு விதமாக இருந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் ஜாவா லேன். மலாய் மக்களும் சோனகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடங்கள் இவை. பலரிடம் உறுதி இருந்தது, வரிப்பற்றுச்சீட்டு இருந்தது. "சேரி" என்ற ஒரே சொல்லால் எல்லாம் மூடப்பட்டது. சீமெந்துச் சுவரும் ஓடும் ஓடுதளமும் (டைல்ஸ்) உள்ள இரண்டு மாடி வீட்டையும் பலகைக் குடிசையையும் ஒரே பட்டியலில் போட்டார்கள். ஆனால் ஓட்டை விழுந்த கூரையோடும் பொது மலசலகூடத்தோடும் வாழ்ந்த பல குடும்பங்கள் தொடர்மாடி கிடைத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள் என்பதும் உண்மை. மழைக்கு வீட்டுக்குள் வெள்ளம் வராமலிருப்பது சிறிய விடயமல்ல.

எனவே கேள்வி தொடர்மாடி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எப்படிப்பட்ட தொடர்மாடி என்பதுதான்.

ஆரம்பத்தில் கட்டப்பட்ட வீடுகள் சுமார் 400 சதுர அடி. பின்னர் வந்த சில திட்டங்களில் 500 சதுர அடிக்கு மேல் போனது. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி என்பதால், 400 சதுர அடி ஒன்றரைப் பேர்ச்சுக்குள் அடங்கிவிடுகிறது. தோட்டத்தில் அதே ஒன்றரைப் பேர்ச்சில் இருந்தவன் மகள் வயதுக்கு வந்ததும் மேலே ஒரு தட்டுப் போட்டான். மகனுக்குக் கலியாணம் பேசியதும் பின்பக்கம் ஓர் அறை இறக்கினான். பதினான்காம் மாடியில் எங்கே இறக்குவது? உம்மா, வாப்பா, கலியாணமான மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் இருக்கும் வீட்டில் இரண்டு அறைகள். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. வாசற்கதவைத் திறந்தால் நேராகப் படுக்கையறை தெரிகிறது. காற்றுக்காகக் கதவைத் திறப்பதா, மறைப்புக்காகச் சாத்துவதா என்று நாள் முழுக்கத் தடுமாற வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் ஒரு சுவரை மூன்றடி தள்ளி வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அதற்கு ஒரு சதமும் அதிகம் செலவாகாது. வரைபடம் கீறும்போது யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். எமது தோட்டங்களில் முடுக்குதான் வாழ்க்கை. பிள்ளைகள் அங்கே விளையாடின, பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து கதைத்தார்கள், நோன்புக் காலத்தில் கஞ்சி கைமாறியது. இடியப்பம் அவித்து விற்ற ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். தோட்டத்தில் இருந்தபோது காலையில் வாசலிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். இப்போது பத்தாவது மாடிக்கு இடியப்பம் வாங்க யாரும் ஏறி வருவதில்லை. கீழே மேசை போட அனுமதியில்லை. சிறிய கடை, தையல், ஷோர்ட் ஈட்ஸ் என்று வீட்டிலிருந்தே உழைத்த பெண்களின் வருமானம் இப்படித்தான் நின்றது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலும் 2016இலும் வெளியிட்ட அறிக்கைகள் இந்த வருமான இழப்பையும் கடன் சுமையையும் பதிவு செய்திருக்கின்றன. வீடுகள் சீட்டிழுப்பில் வழங்கப்பட்டதால் முப்பது வருட அயலவர்கள் மூன்றாம் மாடிக்கும் பதினொன்றாம் மாடிக்குமாகப் பிரிந்தார்கள். பிள்ளையை ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனது. பெண்பிள்ளைகளைப் பின்னேர மத்ரஸாவுக்குத் தனியே லிஃப்டில் அனுப்பப் பயந்து நிறுத்திய பெற்றோரும் இருக்கிறார்கள்.

"கட்டுப்படியான விலை" என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்குச் சுமார் பத்து இலட்சம் ரூபாவை இருபது முப்பது வருடங்களில் தவணையாகச் செலுத்த வேண்டும் என்றார்கள். அந்தத் தொகை சந்தை விலையைவிடக் குறைவுதான். ஆனால் சொந்த நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டு வந்தவனிடமும் அதே பத்து இலட்சத்தைக் கேட்பது என்ன நியாயம்? அவன் விட்டுவந்த நிலத்தில் எழும் சொகுசு மாடியில் ஒரு வீடு பல கோடிக்கு விலைபோகிறது. நாட்கூலிக்காரனுக்கும் முச்சக்கரவண்டி ஓட்டுபவனுக்கும் மாதாந்தத் தவணையோடு பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. உறுதி கைக்கு வராதவரை அந்த வீட்டை வைத்து வங்கியில் கடனெடுக்கவும் முடியாது.

இதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. கிராண்ட்பாஸ் பக்கம் நவகம்புரவுக்குப் போய்ப் பார்க்கலாம். 1980களின் நடுப்பகுதியில், பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில், தேசிய வீடமைப்பு அதிகார சபை அங்கே மக்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. சுமார் இரண்டு பேர்ச் காணித்துண்டு, தண்ணீர், வடிகான், வீதி, ஒரு சிறிய கடன் ஆகியவற்றையே கொடுத்தது. முடுக்கு எவ்வளவு அகலம், பொதுக் கிணறு எங்கே, எல்லை எப்படி என்பதைக் குடியிருப்பாளர்களை உட்காரவைத்துப் பேசித் தீர்மானித்தார்கள். குடும்பம் பெருகப் பெருக வீடும் இரண்டு மாடி, மூன்று மாடி என்று உயர்ந்தது. அந்தக் காலத் திட்டத்தில் அரசியல் இல்லாமலில்லை. குறைகளும் உண்டு. ஆனால் ஏழைக்கும் தன் வீட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

சுவாரசியம் என்னவென்றால், 2004இல் சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவெனாவின் குழு இதற்கு மிக நெருக்கமான ஒன்றைச் செய்தது. கிடைத்த மானியத்தில் முழு வீடு கட்டினால் அது மிகச் சிறியதாகிவிடும் என்பதால், குடும்பத்தால் தனியே கட்ட முடியாத பாதியை, அதாவது கட்டமைப்பு, சமையலறை, குளியலறை, படிக்கட்டு ஆகியவற்றைத் தரமாகக் கட்டிக் கொடுத்து, மீதியை அவர்களே நிரப்புவதற்கு வெற்றிடம் விட்டார்கள். மக்களை நகருக்கு வெளியே அனுப்பவுமில்லை. அவர்கள் வாழ்ந்த அதே நிலத்திலேயே சுமார் நூறு குடும்பங்கள் குடியேறின. அராவெனாவுக்கு 2016இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. இங்கே நாம் அதே எண்ணத்தைக் கைவிட்டு, பதினான்கு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். 2001இல் வனாத்தமுல்லைப் பக்கம் 671 வீடுகளுடன் சஹஸ்புர எழுந்தபோது தொடங்கிய பாதை அது.

கொழும்பில் நிலம் இல்லை, எனவே உயரத்தான் வேண்டும் என்பார்கள். சரி, உயரட்டும். சிங்கப்பூரும் உயர்ந்துதான் இருக்கிறது. ஆனால் அங்கே வீடமைப்பு அபிவிருத்திச் சபை 1970களிலிருந்து பெரும்பாலான கட்டடங்களின் நிலமட்டத்தை வீடு கட்டாமல் திறந்த மண்டபமாக விட்டது. மலாய் முஸ்லிம்களின் கலியாண விருந்தும் சீனர்களின் மரணச் சடங்கும் அதே இடத்தில்தான் நடக்கின்றன. முதியவர்கள் சதுரங்கம் விளையாடுவதும் அங்கேதான். வாகனத் தரிப்பிடத்துக்கு வேறு இடம். அந்த அரசின் எல்லாக் கொள்கைகளையும் நான் புகழவில்லை. ஆனால் இந்த ஒரு தீர்மானத்தில் மனிதன் பிறப்பான், மணம் முடிப்பான், மௌத்தாவான் என்ற அறிவு இருக்கிறது.

லிஃப்ட் விடயத்துக்கு வருவோம். எட்டுப் பேர் செல்லும் சாதாரண லிஃப்டின் உட்புற ஆழம் 1.4 மீற்றர், அதாவது நாலரை அடி. பதின்மூன்று பேர் செல்லும் லிஃப்டில் அதே அகலத்துக்கு ஆழம் 2.1 மீற்றர், ஏறத்தாழ ஏழடி. நோயாளியின் ஸ்ட்ரெச்சரும் சந்தூக்கும் அதில் படுத்த நிலையிலேயே போகும். வித்தியாசம் 70 சென்ரிமீற்றர். ஒரு கட்டடத்தில் ஒரு லிஃப்டையாவது இந்த அளவில் போட்டிருந்தால், பிரசவ வலியில் இருக்கும் பெண்ணையும் மாரடைப்பு வந்த வாப்பாவையும் கதிரையில் கட்டி இறக்க வேண்டியிருக்காது. 2020 கடைசியில் கொரோனாவால் கொழும்பு வடக்கின் பல தொடர்மாடிகள் வாரக்கணக்கில் முடக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே நடைபாதையும் ஒரே லிஃப்ட் வாசலும் என்ற அமைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதையும் கண்டோம்.

இனி எம்மைப் பற்றி. எமது பள்ளிவாசல்களுக்குக் குளிரூட்டி போட, மினாரா உயர்த்தப் பணம் சேர்க்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தமது மஹல்லாவில் மீள்குடியேற்றத் திட்டம் வருகிறது என்று தெரிந்ததும் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, சமூகத்திலுள்ள பொறியியலாளரையும் கட்டடக் கலைஞரையும் கூட்டிவந்து, பெண்களையும் உட்காரவைத்துப் பேசிய நிர்வாக சபைகள் எத்தனை? பெரும்பாலும் எமது தலையீடு இரண்டு சந்தர்ப்பங்களில்தான் நடக்கிறது. முதலாவது, பள்ளிவாசல் இடிபடுமா என்ற அச்சம் வரும்போது. இரண்டாவது, வீடு கிடைக்காதவருக்கு அரசியல்வாதியிடம் கடிதம் வாங்கும்போது. இடையில் உள்ள வடிவமைப்பு, ஒப்பந்தம், பராமரிப்பு பற்றி எவரும் கேட்பதில்லை.

கேட்பதற்கு வழிகள் இல்லாமலில்லை. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி கொழும்பில் 5,500 வீடுகளுக்காக 200 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்தது. இத்தகைய கடன்களோடு பாதிக்கப்படும் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், முறைப்பாட்டுப் பொறிமுறை இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் வருகின்றன. கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு எழுத்து மூலமான, அளவுகளோடு கூடிய கோரிக்கையுடன் போவதும், "எங்களுக்கு அநியாயம்" என்று மட்டும் சொல்வதும் ஒன்றல்ல. ஏழடி ஆழமான ஒரு லிஃப்ட், நிலமட்டத்தில் எல்லாச் சமூகத்தவருக்குமான ஒரு திறந்த மண்டபம், கீழ்த்தளத்தில் பெண்களின் சிறு வியாபாரத்துக்குச் சில கடைகள், ஒரே தோட்டத்தார் ஒரே மாடியில் அல்லது அடுத்தடுத்த மாடிகளில் குடியேறும் உரிமை, வாசலையும் அறையையும் பிரிக்கும் ஒரு சுவர். இவற்றில் எதுவும் மதச் சலுகை அல்ல. பக்கத்து வீட்டு பெரேராவும் செல்வியும் இதையேதான் கேட்பார்கள். மூவரும் சேர்ந்து கேட்டால் இனவாதம் பேசுபவனுக்கும் வேலையில்லை.

குடியேறிய பின்னரும் வேலை இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் கூட்டாதனச் சட்டத்தின்படி வீட்டுரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று கட்டடத்தின் பொது இடங்களை நிர்வகிக்க வேண்டும். லிஃப்ட் பழுதானால் யாருக்குச் சொல்வது, கட்டணம் எதற்குச் செலவானது, மொட்டை மாடியை யார் பூட்டிவைத்திருக்கிறார் என்பவையெல்லாம் அங்கே தீர வேண்டியவை. அந்தக் கூட்டங்களுக்கு எமது ஆட்கள் போவது மிகக் குறைவு.

இது கொழும்பின் பிரச்சினை மட்டும் என்று கிழக்கிலுள்ளவர்கள் நினைக்க வேண்டாம். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் ஒரே வளவு மூன்றாகவும் நான்காகவும் துண்டாடப்பட்டு, முற்றம் போய், இப்போது மேல்நோக்கிக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலும். அங்கே தொடர்மாடி வருவதற்கு நீண்ட காலம் எடுக்காது. கட்டட அனுமதி வழங்கும் உள்ளூராட்சி சபைகள் அங்கே எமது கையில்தான் இருக்கின்றன. படிக்கட்டு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், ஒழுங்கைக்குள் அம்பியூலன்ஸ் வருமா, நிலமட்டத்தில் எவ்வளவு இடம் திறந்திருக்க வேண்டும் என்பதை இப்போதே தீர்மானிக்க அந்தச் சபைகளை யாரும் தடுக்கவில்லை.